முறை வீட்டு அங்கத்தினர்

என் வீட்டுக்காரர் சட்டசபை அங்கத்தினர் ஆன பிறகு வாங்கிய முதல் அடி, அவர் காலில் கிடந்த செருப்பாலேயே விழுந்தது. சென்னைப் பட்டணத்தில் பிரமாணம் எடுத்துக்கொண்டு, திண்டிவனம் ஸ்டேஷனில் இறங்கி, மயிலம் பக்கம் போகிற மாட்டுவண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஊர் எல்லை வரை வந்தார். அங்கிருந்து எங்கள் சேரிக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டியாக வேண்டும். தெருமுனையில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது எங்கள் ஆட்களுக்குக் கண் இமைப்பது மாதிரி, யோசித்துச் செய்கிற காரியமே இல்லை. அன்றைக்கு அவர் நினைப்பெல்லாம் பட்டணத்தில் இருந்தது. செருப்போடு பாதித் தெரு வந்துவிட்டார்.

ஊரில் பாதி நிலம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்தக் குடும்பத்துத் தலைவரைப் பெரிய வீட்டுக்காரர் என்றுதான் சொல்வோம். அவருடைய தம்பி தெருவில் நின்று மல்லாட்டைக் கடலையைக் காயவைப்பதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தான். இவரைக் கூப்பிட்டான். செருப்பைக் கழற்றச் சொன்னான். கழற்றியதும் அதைக் கையில் வாங்கி இரண்டு கன்னத்திலும் மாற்றி மாற்றி அடித்தான். உதடு கிழிந்து கதர்ச்சட்டையெல்லாம் ரத்தம். பட்டணத்தில் போட்ட மாலை அப்போதும் அவர் கையில்தான் இருந்தது.

நான் ஆரத்தித் தட்டோடு சேரி வாயில் நின்றிருந்தேன். அங்கிருந்து தெரு நன்றாகத் தெரியும். தட்டை அவன் மூஞ்சியில் விட்டெறியக் கை துடித்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வந்து சேர்ந்ததும் அந்த ஆரத்தித் தண்ணீரைத் தொட்டுத்தான் அவர் வாயைத் துடைத்தேன். எரிகிறது என்றார். எரியட்டும் என்று சொன்னேன். அவ்வளவு கோபம் எனக்கு, அடித்தவன் மேலும் அடிபட்டவர் மேலும்.

அவர் எப்படி அங்கத்தினர் ஆனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் விழுப்புரத்துப் பெண். என் அப்பா அங்கே ரயில் ஷெட்டில் கூலி. மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தேன். இவர் அதே ஷெட்டில் கரி அள்ளிப் போடுகிற வேலைக்கு வந்தார். கரி அள்ளினவர் ஒருநாள் தொழிலாளர் கூட்டத்தில் மேடை ஏறிப் பேசினார். பேச்சு நன்றாக வந்தது. அதுதான் வினை. வேலைநிறுத்தத்தில் போலீஸ்காரன் தடியால் விலாவில் குத்தி இரண்டு எலும்பு போயிற்று, கூடவே வேலையும் போயிற்று. என்னைக் கட்டிக்கொண்டு தன் ஊருக்கே திரும்பினார். அவர் அப்பா அந்த ஊர் வெட்டியான். ஊரில் பிணம் விழுந்தால் சாவு சொல்லப் போவதும், பறை அடிப்பதும், குழி வெட்டுவதும் அவர்கள் வகையறா வேலை.

தேர்தல் வந்தது. எங்கள் பக்கத்துத் தொகுதிக்கு இரண்டு அங்கத்தினர்கள். ஒன்று பொதுவான இடம், இன்னொன்று எங்கள் ஜனத்துக்கென்று ஒதுக்கின இடம். கட்சி பொது இடத்துக்குப் பெரிய வீட்டுக்காரரை நிறுத்தியது. ஒதுக்கின இடத்துக்கு மேடையில் பேசத் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடிக்கொண்டு மோட்டார் காரில் வந்தார்கள். கார் சேரிக்குள் வரவில்லை, வாயிலேயே நின்றது. பட்டணத்து ஆள் ஒருவர் இவர் யார், எப்படிப்பட்டவர் என்று கேட்டார். பெரிய வீட்டுக்காரர் சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"நம்ம வெட்டியான் மவன்தான். கை தூக்குடான்னா தூக்குவான்."

ஒதுக்கின இடத்துக்கும் ஓட்டுப் போட்டது பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தான். இது பலருக்குத் தெரியாது. தீர்வை கட்டுகிறவனுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவனுக்கும்தான் அப்போது ஓட்டு. எங்கள் சேரியில் நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை. ஓட்டு இருந்தவர்களை ஒரு கட்டை வண்டியில் ஏற்றிவிடலாம். எனக்கு இருந்தது, எட்டாவது படித்த புண்ணியத்தில்.

அந்த ஓட்டைப் போடத் திண்டிவனம் போன அன்று எதிர்ப்பக்கத்து ஆட்கள் எங்கள் வண்டியை வழிமறித்தார்கள். நுகத்தடிக் குச்சியை உருவி எங்கள் ஆண்களை அதாலேயே அடித்தார்கள். நான் இறங்கி ஓடினேன். பின்னாலிருந்து வந்த கல் புருவத்துக்கு மேலே பிளந்தது. முந்தானையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓட்டுச்சாவடிக்குள் போனேன். ஆளுக்கு ஒரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்கள், பார்த்துப் போட வேண்டியதுதான். என் சீட்டில் ரத்தம் சொட்டியது. அங்கே உட்கார்ந்திருந்த அதிகாரி முகம் சுளித்து, சீட்டை அசுத்தம் பண்ணாதே என்றார். அந்த ஆளையும் சபித்துக்கொண்டே பெட்டியில் போட்டேன். இரண்டு பேரும் ஜெயித்தார்கள். பெரிய வீட்டுக்கு வாணவேடிக்கை, எனக்குப் புருவத்தில் தழும்பு.

இனி அவருடைய சட்டசபைப் பெருமை. அங்கே அவர் 'கனம் அங்கத்தினர்'. பெரிய வீட்டுக்காரரும் இவரும் ஒரே பக்கத்துப் பெஞ்சு. அங்கே பெரிய வீட்டுக்காரர் இவரை நாலு பேர் முன்னால் "வாங்க, உக்காருங்க" என்பாராம். சபை முடிந்து ஒரே ரயிலில் திரும்புவார்கள். செங்கல்பட்டு தாண்டியதும் 'நீங்க' போய் 'நீ' வருமாம். ஒலக்கூர் வந்தால் 'டா' ஏறிக்கொள்ளும். திண்டிவனத்தில் இறங்கும்போது அவருடைய டிரங்குப் பெட்டி இவர் தலையில் இருக்கும். இதைச் சொல்லிச் சிரிப்பார் என் வீட்டுக்காரர். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை.

சபையில் தீர்மானம் வந்தால் ஆமோதிக்கிறவர்கள் ஆமென்று குரல் கொடுப்பார்களாம், தகராறு என்றால் எழுந்து நிற்பார்களாம். ஊர் வழக்கில் அதற்கெல்லாம் ஒரே பெயர், கை தூக்குவது. இவரும் கட்சி சொன்னதற்கெல்லாம் கை தூக்கினார். ஆனால் ஒரே ஒரு சட்டத்துக்கு யாரும் சொல்லாமல் தானாகத் தூக்கினேன் என்று வந்து சொன்னார். பொதுக் கிணறு, பொது வீதி, பொதுக் குளம் எல்லாருக்கும் பொது என்கிற சட்டம். பெரிய வீட்டுக்காரரும் அதற்குக் கை தூக்கினார் என்பதைத்தான் பெரிதாகச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தாராம். "அந்தாளு மனசு மாறிட்டாரு" என்றார். மனுஷனுக்கு இவ்வளவு வெகுளித்தனம் ஆகாது.

சட்டம் ஊருக்கு வந்த விதத்தைச் சொல்கிறேன். சாலையோரத்தில் ஜில்லா போர்டு வெட்டின போர்டுக் கிணறு ஒன்று உண்டு. நாங்கள் ஏரிக்கரைக் குட்டையில் மாட்டோடு மாடாகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தோம். நானும் ஆறேழு பெண்களும் குடத்தோடு போர்டுக் கிணற்றுக்குப் போனோம். முதல் வாளி மேலே வரும்போதே ஊர் இளவட்டங்கள் வந்துவிட்டார்கள். கயிற்றை வெட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கையை ராட்டினக் கட்டையில் வைத்து முறுக்கினார்கள். பச்சைக் குச்சி மாதிரி முறிந்தது. ஒருவன் என் கூந்தலைக் கயிற்றோடு சேர்த்துச் சுற்றிக் கிணற்றுக்குள் தள்ளப் பார்த்தான். அவன் மணிக்கட்டு என் வாய்க்கு எட்டியது. கடித்தேன். பல்லுக்கு எலும்பு தட்டுப்படும் வரை கடித்தேன். அவன் போட்ட கூச்சலில் மற்றவர்கள் ஓடினார்கள். மறுநாள் கிணற்றில் செத்த நாய் மிதந்தது. அப்புறம் ஊருக்கும் அந்தத் தண்ணீர் இல்லை, எங்களுக்கும் இல்லை.

அந்த வருஷப் பொங்கலுக்குத்தான் பறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

எங்கள் வகையறாவில் வெட்டியான் வேலைக்கு முறை உண்டு. வருஷத்துக்கு ஒரு வீடு. மாட்டுப்பொங்கல் கழிந்ததும் பழைய முறை வீட்டிலிருந்து பறையை இறக்கிப் புதிய முறை வீட்டுக் கூரை வாரையில் கட்டித் தொங்கவிடுவார்கள். அது தொங்குகிற வீட்டு ஆண்பிள்ளை அந்த வருஷம் முழுக்க ஊரில் விழுகிற பிணத்துக்கெல்லாம் போய் நிற்க வேண்டும். எங்கள் முறை வந்தபோது மாமனார் உயிரோடு இல்லை. இவருடைய தம்பி பினாங்குக்குப் போய்த் தகவலே இல்லை. வேண்டாம் என்று தள்ளிவிடுங்கள் என்று நான் மல்லுக்கு நின்றேன். இவரோ, முறையைத் தள்ளினால் அடுத்த வீட்டுக்காரன் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் சுமக்க வேண்டும், அது நியாயமில்லை என்று தன் கையாலேயே கட்டித் தொங்கவிட்டார். சாவு விழுந்தால் சித்தப்பா மகன் எனக்குப் பதிலாகப் போவான், என்னை யார் கூப்பிடப்போகிறார்கள் என்றார். சித்தப்பா மகன் திண்டிவனத்து மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவன், இவரைவிட இளையவன், அண்ணன் சொன்னால் மறுபேச்சு இல்லை. சரி என்றான். மாசி மாதம் இரண்டு சாவுக்கு அவன்தான் போனான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சித்திரையில் பெரிய வீட்டுக்காரரின் தாயார் செத்துப்போனாள். சபை கூடாத நாட்கள், இவர் வீட்டில் இருந்தார். சித்தப்பா மகன் பறையை எடுக்க வந்தான். அவனுக்கு முன்னால் ஊர்த் தலையாரி வந்து நின்றான். பதில் ஆள் வேண்டாமாம், முறை வீட்டு ஆம்பளையே வரவேண்டுமாம், ஊர்க்கட்டு. எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. சட்டசபையில் சமமாக உட்கார்ந்தவனைத் பெரிய வீட்டம்மாவின் பிணத்துக்கு முன்னால் பறையோடு நிறுத்தினால்தான் ஊருக்குப் பழைய கணக்கு நேராகும். ஒருதரம் போய் நின்றுவிட்டால் இவருக்கு அப்புறம் எந்தச் சபையிலும் எழுந்து பேச வாய் இருக்காது. போகாவிட்டால் என்ன ஆகும் என்பதும் சேரிக்கே தெரியும். கோடை, எல்லாம் காய்ந்த பனையோலைக் கூரை.

இவர் வர முடியாது என்று சொல்லி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் பெரிய வீட்டுக்காரரே வந்தார். மேல் துண்டு இல்லாமல், கண் சிவந்து, அழுத முகத்தோடு சேரி வாயில் நின்றார். இரங்கத் தோன்றும் கோலம்தான். எனக்குத் தோன்றவில்லை.

"ஊர் கேக்குது, நான் இன்னா பண்ணட்டும். ஒரு நாழி தோள்ல மாட்டிக்கினு நில்லு, போதும். அடிக்கக்கூட வேணாம்," என்றார்.

"ஆண்டே, உங்கம்மா எனக்கும் கூழு ஊத்தினவங்க. குழி வேணும்னா நானே வெட்றேன். மோளம் மாட்ட மாட்டேன். நீங்களும் நானும் ஒண்ணாத்தான் கை தூக்கினோம்."

"அது பட்டணம்டா," என்றார் பெரிய வீட்டுக்காரர். அவ்வளவுதான், திரும்பிப் போய்விட்டார்.

உச்சி வெயிலில் வந்தார்கள். சாவு வீட்டு வாசலில் மூட்டியிருந்த தீயிலிருந்தே கொள்ளி எடுத்து வந்தார்கள். கிழக்கு ஓரத்து வீட்டில் முதலில் வைத்தார்கள். காற்று எங்கள் பக்கமாக இருந்தது. ஓலை பற்றும் சத்தம் மழை பிடிக்கிற மாதிரி இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். கட்டிப் போட்டிருந்த ஆடுகள் கத்தின, பிறகு கத்தவில்லை. இரண்டாவது வீட்டில் கால் வராத ஒரு மனுஷர் படுத்த படுக்கையாக இருந்தார். மகள் உள்ளே ஓடி அவரைத் தோளைப் பிடித்து இழுத்தாள். உத்தரம் சரிந்து விழுந்தது. அவளை வெளியே இழுத்துப் போட முடிந்தது, அவரை முடியவில்லை. அவளுக்கு ஒரு பக்கத்துக் காதும் கழுத்தும் வெந்துபோயிற்று.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் செருப்பால் அடித்த அந்தத் தம்பிதான் முன்னால் நின்றான். இவரை வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார்கள். வாயிலும் மூக்கிலும் ரத்தத்தோடு கிடந்தவரிடம் குனிந்து, "எந்தக் கையடா தூக்கின?" என்று கேட்டான்.

இவர் சும்மா கிடந்திருக்கலாம். மண்ணில் கிடந்தபடியே வலது கையைத் தூக்கிக் காட்டினார். திமிர்தான், வேறென்ன? உயிர் போகிற நேரத்திலும் அந்த மனுஷனுக்குத் திமிர். அன்றைக்கு அந்தத் திமிரைப் பார்த்துத்தான் எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போயிற்று.

அந்தக் கையை உரலின் விளிம்பில் இழுத்து வைத்து உலக்கையால் இடித்தார்கள். என் உரல், என் உலக்கை. காலையில் நான் கம்பு குத்தியது. முதல் இடியில் முழங்கை, இரண்டாவதில் தோள்பட்டை. நான் கூரை இறவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவிக்கொண்டு வந்து, அவர் கையைப் பிடித்துக் குனிந்திருந்தவன் கெண்டைக்காலில் இழுத்தேன். சதை பிளந்து விழுந்தான். இன்னொருவன் என் முதுகில் எரிகிற கொள்ளியால் அடித்தான். ரவிக்கை தோலோடு ஒட்டிக்கொண்டது.

அப்போது எங்கள் கூரையிலும் பிடித்துவிட்டது. சித்தப்பா மகன் எங்கிருந்தோ ஓடி வந்து எரிகிற வீட்டுக்குள் நுழைந்தான். எங்கள் துணிமணியை எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். பறையை எடுத்துக்கொண்டு வந்தான். தோளில் மாட்டிக்கொண்டு, அடித்துக்கொண்டே ஊர்த்தெருவைப் பார்த்து ஓடினான். சத்தம் கேட்டதும் ஊர்க்காரர்கள் கொள்ளியைக் கீழே போட்டார்கள். முறை வீட்டு ரத்தம்தானே, போதும் என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. மேற்குப் பக்கத்து வீடுகள் அத்தனையும் தப்பின. அவன் சாயங்காலம் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது நான் அவன் மூஞ்சியில் காறித் துப்பினேன். துடைத்துக்கொண்டு போனான்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியில் இவர் ரொம்ப நாள் கிடந்தார். பெரிய வீட்டுக்காரர் ஒருநாள் ஆரஞ்சுப்பழத்தோடு பார்க்க வந்தார். டாக்டர் பக்கத்தில் இருந்ததால் 'நீங்க' போட்டு நலம் விசாரித்தார். பழத்தை அவர் தலை மறைந்ததும் ஜன்னல் வழியாக வீசினேன். வழக்கு என்று எதுவும் பதிவாகவில்லை. சமையல் அடுப்பிலிருந்து பறந்த பொறி என்று முடித்துவிட்டார்கள். சபையில் எழுந்து இதைக் கேட்கிறேன் என்று கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பட்டணம் போனார். கட்சிப் பெரியவர்கள் கூப்பிட்டு, நம் அங்கத்தினர் ஒருவர் மேலேயே பழி சொன்னால் கட்சிக்கு இழுக்கு, பொறுங்கள் என்றார்களாம். பொறுத்துக்கொண்டிருக்கும்போதே ஐரோப்பாவில் சண்டை வந்தது, கட்சி பதவியை விட்டது, சபை கூடுவதே நின்றுபோயிற்று. அதற்கப்புறம் பல வருஷம் இவர் சபை இல்லாத சபையின் அங்கத்தினர். விழுப்புரத்துக்கே குடிபோய், நான் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து அடுப்பெரித்தேன். அவருடைய வலது கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. சோறு இடது கையால். அதற்காகவும் பார்க்கிறவர்கள் முகம் சுளித்தார்கள்.

சண்டை முடிந்து மறுபடி தேர்தல் வந்தது. இவரைக் கூப்பிடவே இல்லை. ஒதுக்கின இடத்துக்குச் சித்தப்பா மகனை நிறுத்தினார்கள். பெரிய வீட்டுக்காரர்தான் பெயர் சொன்னார் என்று கேள்வி. பறையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தவன் அடங்கின ஆளாக இருப்பான் என்று கணக்கு. மூட்டை தூக்கினவன் கதர் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஓட்டுக் கேட்டு வந்தான். நான் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். இவர் கதவைத் திறந்து அவனை உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்தார். அவன் அன்றைக்கு ஓடியிராவிட்டால் மிச்ச வீட்டிலும் ஆள் செத்திருக்கும் என்று எனக்குச் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் ஆறிவிடுமா? அவர் அவனுக்கு ஓட்டுப் போட்டார். நான் போகவில்லை.

வெள்ளைக்காரன் போன மறு வருஷம் பெரிய வீட்டுக்காரர் செத்தார். காலையில் முதல் பஸ்ஸில் சித்தப்பா மகன் விழுப்புரம் வந்து வாசலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. பறை அந்த வருஷம் அவன் வீட்டுக் கூரையில் தொங்குகிறது என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"ஊர்ல சொல்லி அனுப்பிட்டாங்கண்ணா. நானே வரணுமாம். அன்னிக்கு அடிச்சதாலதான் எனக்கு இந்தப் பதவியே. இன்னிக்கும் அடிச்சா அப்புறம் எப்பவும் அடிச்சிக்கினே இருக்கணும். அடிக்கலன்னா நெருப்பு. நான் ஒருத்தன் முடிவு பண்ற விஷயமா இது? நீ வா."

நான் சமைத்துக்கொண்டிருந்தேன். என்ன தோன்றியதோ, அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு நானும் கிளம்பினேன். இவர்கள் மறுபடி என்ன கூத்து அடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டேன்.

சேரி முழுக்க மாரியம்மன் கோயில் முன்னால் கூடியிருந்தது. தெருமுனையில் ஊர் ஆட்கள் தடியோடு நின்றார்கள். செருப்பால் அடித்த தம்பி இப்போது நரைத்திருந்தான், அவனும் நின்றான். என் முதுகுத் தழும்பு அரித்தது. சித்தப்பா மகன் பறையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தான். சபையில் எப்படிச் செய்வார்களோ அப்படிச் செய்யலாம் என்றான். அவனுக்கு அதில் அப்போதுதான் இரண்டு வருஷப் பழக்கம். இவரைப் பார்த்து, நீ கேளு அண்ணா என்றான்.

இவர் எழுந்தார். விழுப்புரம் கூட்டங்களில் பேசின அந்தக் குரல், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்தது.

"நெருப்பு வந்தாலும் வரும். நான் ஒளிக்கல. ஓட்டு இருக்கறவங்க இல்லாதவங்க எல்லாருக்கும்தான் கேக்கறேன், பொம்பளைங்களுக்கும். மோளம் அடிக்கக் கூடாதுன்னா கை தூக்குங்க. வேற நெனப்புன்னா தூக்க வேணாம். யாரும் யார் மூஞ்சியும் பாக்க வேணாம்."

அங்கே இருந்தவர்களில் பெரும்பாலானவர்களை அதுவரை யாரும் எதற்கும் கை தூக்கச் சொன்னதில்லை. கும்பிடச் சொன்னதுண்டு. ரொம்ப நேரம் ஒரு கையும் எழவில்லை. எல்லார் கண்ணும் கூரைகள் மேலேயே இருந்தன. பின் வரிசையில் ஒரு கை எழுந்தது. கழுத்து வெந்த அந்த மகள். தகப்பன் உள்ளே எரிந்ததைப் பார்த்தவள். நெருப்பென்றால் என்னவென்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவள் கையைப் பார்த்த பிறகு சித்தப்பா மகன் தூக்கினான். அப்புறம் அங்கங்கே எழுந்தது, பிறகு எண்ண வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. சிலர் தூக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நானும் தூக்கினேன், அவனுக்குப் போடாத ஓட்டை அன்றைக்குப் போட்டேன்.

பிறகு நடந்தது பிறகு. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று பறையடிக்க ஆள் தேடி வண்டி விட்டார்கள், எங்கள் ஜனத்தில் ஒருவரும் வரவில்லை. கல் பறந்தது, மூன்று பேர் மண்டை உடைந்தது. கொள்ளியோடு வந்தவர்களை எங்கள் பெண்கள் அரிவாளோடு எதிர்கொண்டு நின்றார்கள், நானும் நின்றேன். கடைசியில் போலீஸ் வந்தது, இந்தத் தடவை எங்களுக்கும் காவலாக நின்றது. பொழுது சாய்வதற்குள் பெரிய வீட்டுக்காரரின் பிணம் ஒரு பறைச் சத்தமும் இல்லாமல் எங்கள் சேரி ஓரமாகச் சுடுகாட்டுக்குப் போயிற்று. தூக்கிப் போகிறவர்கள் மூச்சு வாங்குவது கூடக் கேட்டது.

அதற்கெல்லாம் முன்னால், கோயில் எதிரே எல்லாரும் கை தூக்கி நின்றபோது நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இடது கையைத் தூக்கியிருந்தால் யார் என்ன சொல்லப்போகிறார்கள். இந்த மனுஷன் இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மார்பு, தோள், காது என்று கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தித் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். உள்ளே எலும்பு நெரிகிற சத்தம் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. கண்ணில் தண்ணீர் தாரையாக ஓடிற்று. எல்லாரும் கையை இறக்கிய பிறகும் அவர் கை மேலேயே நின்றது. மூட்டு பூட்டிக்கொண்டுவிட்டது, அவரால் இறக்க முடியவில்லை. நான்தான் கிட்டே போய், அந்தக் கையைப் பிடித்து மெல்ல இறக்கிவிட்டேன்.